வயலைக் குறிபார்த்த பாய்

அசன் முகைதீன் பாய் வாழ்க்கையில் தானாகக் கேட்டு வாங்கிய பொருள் ஒன்றுகூட இல்லை என்று அவர் மனைவி ஆபிதா சொல்வார். கொஞ்சம் மிகைதான், ஆனால் பொய் இல்லை. பழவேற்காட்டில் தேங்காய் நார் வியாபாரம் செய்த குடும்பம். அண்ணன் தம்பிகள் நான்கு பேரில் இவர் இரண்டாமவர். மூத்தவர் அப்துல் கனி வாயைத் திறந்தால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். இவர் கொஞ்சம் முன்கூட்டியே மூடிக்கொள்வார். பொன்னேரியில் படித்துக்கொண்டிருந்தபோது, "படிச்சது போதும், படகப் பாரு" என்றார் அண்ணன். பார்த்தார். ரங்கூனில் இருந்த குடும்பக் கடைக்கு இவரை அனுப்புவதாக எல்லாம் பேசி முடித்து, கடைசி நேரத்தில் தம்பியை அனுப்பினார் அண்ணன். இவர் கட்டிய பெட்டியைப் பிரித்து, சட்டைகளைத் திரும்பக் கொடியில் போட்டார். கல்யாணமும் அண்ணன் பார்த்து வைத்ததுதான். அது ஒன்றையாவது அவர் ஒழுங்காகப் பார்த்தார் என்பது ஆபிதாவின் கட்சி.

பாய்க்கு ஒதுக்கப்பட்ட வேலை, நாரைப் படகில் ஏற்றிக் கால்வாய் வழியாகத் தெற்கே கொண்டுவந்து, மீஞ்சூருக்கு வடக்கே இருந்த கயிறு ஆலையில் இறக்குவது. வெள்ளைக்காரக் கம்பெனி ஆலை அது. இறக்கக் கூலியாட்கள் உண்டு. ஆனாலும் முதலாளி மாதிரி குடை பிடித்துக்கொண்டு நிற்க அவருக்குக் கூச்சம். நார்க்கட்டில் கொக்கியைக் குத்தி, தன் பக்கமாக வெடுக்கென்று இழுத்துக் கரையில் போடுவார். வருஷக்கணக்கில் இழுத்து இழுத்து, எதைப் பிடித்தாலும் தன் பக்கம் இழுக்கிற கையாகவே அது ஆகிவிட்டது.

ஆலைக்குப் பின்னால் இருந்த பொட்டலில் துரைமார்கள் ஒரு கோல்ப் மைதானம் போட்டிருந்தார்கள். மைதானம் என்று சொன்னால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆறே குழிகள். ஆடு மேய்ந்தது போக மிச்சம் இருந்ததுதான் புல். குழியைச் சுற்றி, எண்ணெய் ஊற்றிக் கெட்டிப்படுத்திய மணல். சுதந்திரம் வந்து ஒவ்வொரு துரையாகக் கப்பலேறியதும் ஆட ஆளில்லாமல் போய், ஆலையோடு கொடுக்கல் வாங்கல் இருக்கிற உள்ளூர்க்காரர்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஆயிற்று. அப்போதும் அதிகம் பேர் வரவில்லை. வெயிலில் ஒரு சின்னப் பந்தைத் துரத்திக்கொண்டு போவதற்கு எவனுக்கு வேளை இருக்கிறது?

ஐம்பத்திரண்டாம் வருஷம் ஒருநாள், படகு காலியாகட்டும் என்று காத்திருந்த பாய், மைதானத்து ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார். ஊருக்குக் கிளம்பும் நாளை எண்ணிக்கொண்டிருந்த மானேஜர் மெக்கே துரை அவரைக் கையாட்டிக் கூப்பிட்டு, கையில் ஒரு கட்டையைக் கொடுத்தார். டிரைவர் என்று அதற்குப் பெயர். பையில் இருப்பவற்றிலேயே நீளமானது. மற்றவற்றுக்கு இரும்புத் தலை. இதற்கு மட்டும் குழந்தையின் குதிகால் போல உருண்ட மரத்தலை. பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, எப்படிப் பிடிப்பது என்றுகூடக் கேட்காமல் ஒரு வீசு வீசினார். பந்து நேராக, உயரமாக, நிதானமாகப் போய் வெகுதூரத்தில் இறங்கியது. துரை வாயிலிருந்த பைப்பை எடுத்துவிட்டார். பாய்க்கு உள்ளங்கையிலிருந்து நெஞ்சு வரை என்னவோ ஓடியது.

அந்த ஓர் அடிதான் ஆளைக் கெடுத்தது. துரை கப்பலேறும்போது பழைய பையை அவரிடமே விட்டுப்போனார். தனக்கு எதுவும் வேண்டாம் என்று சொல்லப் பழகிய மனிதர் அன்றைக்கு மட்டும் சொல்லவில்லை. அதற்கப்புறம் ஞாயிறு தவறாமல் வந்தார். ஆனால் அந்த மாதிரி ஓர் அடி திரும்ப விழவே இல்லை. டிரைவரை எடுத்தால் பந்து பாதி தூரம் ஒழுங்காகப் போகும். அப்புறம் வலது பக்கத்திலிருந்து யாரோ கூப்பிட்ட மாதிரி அங்கே திரும்பிவிடும். மற்ற குழிகளில் வலது பக்கம் முள்ளும் மணலும்தான். மூன்றாவது குழியில் வலது பக்கம் அரசப்பனுடைய நெல் வயல்.

அரசப்பன் அந்தப் பக்கத்து விவசாயி, பாயைவிட நாலைந்து வயது மூத்தவர். இடது பக்கத்து ரயில் தண்டவாளத்துக்கும் வயலுக்கும் நடுவில், மூன்றாவது குழிக்குப் பந்து அடிக்கிற நிலமும் அவருடையதுதான். மேய்ச்சலுக்குக் கிடந்ததை அவர் அப்பா காலத்தில் துரைமார்களுக்குக் குத்தகைக்கு விட்டது. தைக்குத் தை அரசப்பன் சரியென்று தலையாட்டினால்தான் அடுத்த வருஷம் ஓடும். அது போனால் மைதானம் நடுவில் முறிந்துவிடும். பம்பாயிலிருந்து வந்திருந்த புது மானேஜர் அதற்காகவே காத்திருந்தார். மைதானத்தை மூடிவிட்டு அங்கே நார் வைக்கக் குடோன் கட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. பாய் இறக்குகிற நாரே பாயின் மைதானத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

வயலில் விழுந்த பந்தை எடுக்க மற்றவர்கள் ஆணி வைத்த பூட்சோடு இறங்குவார்கள். பாய் அப்படிச் செய்ததில்லை. வரப்பில் உட்கார்ந்து பூட்சைக் கழற்றி, காலுறையைச் சுருட்டி அதற்குள் வைத்து, வெறுங்காலோடுதான் இறங்குவார். செருப்புக் காலோடு விளைநிலத்தில் இறங்கினால் அதைவிட அவமானம் ஒரு விவசாயிக்கு இல்லை என்று அவருக்குத் தெரியும். அதனாலேயே அவருக்கு நேரமாகும். கூட ஆடுகிறவர்கள் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். அவருக்குத்தான் அடிக்கடி இறங்க வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம்.

ஐம்பத்தைந்தாம் வருஷம் மழை நன்றாகப் பெய்தது. கார்த்திகைக் கடைசியில் சம்பா தளதளவென்று எழுந்து நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாயின் பந்து வழக்கம்போல வயலுக்குள் போனது. வரப்பில் உட்கார்ந்து பூட்சைக் கழற்றினவர் நிமிர்ந்தபோது, எதிரே அரசப்பன் நின்றார்.

"பாய், நீ செருப்பக் கழட்டிக்கினு எறங்குற. அது எனக்குத் தெரியும். அதனாலதான் உங்கிட்ட பேசறேன்" என்றார். "பயிரு சூல் புடிச்சிக்கினு கீது. இந்த நேரத்துல என் பொண்டாட்டியே உள்ள எறங்க மாட்டா. இனிமே அறுப்பு வரைக்கும் ஒரு பந்து இதுக்குள்ள வரக்கூடாது. வந்துச்சுன்னா, தை மாசம் நான் தலையாட்ட மாட்டேன். நெலத்த ஏர் ஓட்டிப் போட்டுடுவேன்."

"வராதுண்ணே."

"மத்தவங்க பந்து எப்பனாச்சும் வரும். உன் பந்துதான் ஊட்டுக்கு வர மாதிரி வந்துக்கினு கீது. நீ ஒருத்தன் ஆடாத இருந்தாலே போதும்."

நியாயமான பேச்சு. பாய் எப்போதும் செய்கிறதைச் செய்திருந்தால், சரிண்ணே என்று சொல்லிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போயிருப்பார். வாய்வரை வந்தும்விட்டது. ஆனால் வெளியே வந்தது வேறு.

"ஆடுவேண்ணே" என்றார். "ஆடுவேன். ஆனா வராது."

சொல்லி முடித்ததும் அவருக்கே பயமாகப் போயிற்று. அரசப்பன் "பாக்கலாம்" என்று சொல்லித் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனார். பந்தை எடுக்காமலே பாய் திரும்பினார்.

இதையெல்லாம் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் விக்டோரியா. ஆலை ஆஸ்பத்திரி நர்ஸ். மெக்கே துரையின் சம்சாரத்துக்குத் துணையாக ஆடப் பழகி, அந்த அம்மாள் போன பிறகும் விடாமல் ஆடிக்கொண்டிருந்தார், சேலையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு. தூரமாக அடிக்க மாட்டார். ஆனால் பந்து அவர் சொன்ன இடத்துக்குப் போகும். அவர் பேச்சும் அவர் போடும் ஊசி மாதிரிதான். வலிக்கும், சீக்கிரம் முடிந்துவிடும்.

"வாக்குக் குடுத்துட்டு வந்தீங்களே பாய், பந்து உங்க பேச்சக் கேக்குமா?"

"கேக்காது சிஸ்டர். இன்னா பண்றதுன்னு தெரியல."

"மூணாவது குழியில மட்டும் நீங்க எப்டி நிக்கிறீங்கன்னு தெரியுமா? குழியில நட்ட கொடி அங்க கீது. உங்க இடது தோளு தண்டவாளத்தப் பாக்குது. வயலுக்குப் பயந்துக்கினு இந்தப் பக்கம் குறி வெக்கிறீங்க. வெச்சிட்டு, நார்க்கட்ட இழுக்கிற மாதிரி கட்டைய உங்க பக்கம் இழுக்கிறீங்க. இழுத்தா பந்து சுத்திக்கினு வலது பக்கம்தான் போவும். அது போவுதுன்னு நீங்க இன்னும் கொஞ்சம் திரும்பறீங்க. அது இன்னும் கொஞ்சம் போவுது."

பாய் வயலைத் திரும்பிப் பார்த்தார். வயலுக்கு மரியாதை கொடுத்துத்தான் அவர் விலகி நின்றது. அந்த விலகல்தான் பந்தை வயலுக்குள் தள்ளியது என்றால், என்ன நியாயம் இது?

"அப்ப எப்டி நிக்கணும்?"

விக்டோரியா வயலின் நடுவே, வரப்பில் நின்ற ஒற்றைப் பனையைக் கட்டையால் சுட்டிக் காட்டினார். "அந்தப் பனைக்குக் குறி வெக்கணும். கட்டை உங்களுக்குப் பின்னாலேருந்து வந்து வெளிய போவணும். உள்ள இழுக்கக் கூடாது. அடிச்சதும் வலது உள்ளங்கை கவுந்து தரையப் பாக்கணும். அப்டி அடிச்சா பந்து வலது பக்கமா கெளம்பி, இடது பக்கமா திரும்பி வரும். 'டிரா'ன்னு சொல்லுவாங்க. துரை அடிப்பாரே, பாத்ததில்ல?"

பாய் காதை மட்டும்தான் பேச்சுக்குக் கொடுத்திருந்தார். கண் அவருடைய கட்டையின் மேல் இருந்தது. சட்டென்று கையை நீட்டி அதைக் கீழே தாழ்த்திவிட்டார்.

அந்தப் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பூசணிப் பிஞ்சை விரலால் சுட்டிக் காட்டினால் அது அழுகி விழுந்துவிடும். சூல் பிடித்த பயிரைக் கைநீட்டிக் காட்டினால் பதராகிவிடும். காட்டியே ஆக வேண்டும் என்றால் விரலை மடக்கிக்கொண்டு முட்டியால் காட்டுவார்கள். இதில் இந்து, முஸ்லிம் என்ற பேதம் கிடையாது. பழவேற்காட்டு மசூதித் தெருவில் சுரைப் பந்தல் போட்டவர்களும் அப்படித்தான். விரலுக்கே இந்தக் கதி என்றால் நீளக் கட்டையை நீட்டிக் குறி வைப்பதை என்னவென்று சொல்வது? விக்டோரியா மதராஸில் பிறந்து ஆஸ்பத்திரியில் வளர்ந்தவர். அவருக்குப் பயிரும் தெரியாது, பயமும் தெரியாது.

"சிஸ்டர், அது ஆவாது. அரசப்பண்ணன் பாத்தாருன்னா வெட்டிடுவாரு."

"அப்ப ஆடாதீங்க."

மறுபடியும் அதே பேச்சு. ஆடாதே, போகாதே, படிக்காதே. அன்று படகில் ஊர் திரும்பும் வழியெல்லாம் அது அவர் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் விடியற்காலை சுபுஹுத் தொழுகை முடிந்ததும் பாய் டிரைவரை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனார். பந்து கொஞ்சம்தான் கையிருப்பு என்பதால், புன்னைக்காய் பொறுக்கி மணலில் வைத்து அடித்தார். கிட்டத்தட்ட பந்தளவுதான் இருக்கும். கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகைப் பனையாக வைத்துக்கொண்டு, தோளை அதன் பக்கம் திருப்பி நின்றார். உள்ளே இழுக்கக் கூடாது, வெளியே தள்ள வேண்டும் என்று வாயால் சொல்லிக்கொண்டே அடித்தார். கை கேட்கவில்லை. அவர் தள்ள நினைத்தார், அது இழுத்தது. கை என்ன செய்யும் பாவம், வருஷக்கணக்காக அதற்குச் சோறு போட்டதே அந்த இழுவைதான். காயில் பாதி உடைந்தது, மீதி கடலுக்குப் போயிற்று. வலை இழுக்க வந்த மீனவர்கள் முதல் நாள் நின்று பார்த்தார்கள். அடுத்த நாள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

சங்கதி அப்துல் கனியின் காதுக்குப் போகாமல் இருக்குமா? சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் வைத்துக்கொண்டே கேட்டார்.

"நம்ம குடும்பத்துல மரக்கலம் ஓட்டினவன் கீறான், கடை வெச்சவன் கீறான். கட்டையத் தூக்கிக்கினு மணல அடிச்சவன் எவனாச்சும் கீறானா?"

பாய் தலையைக் குனிந்துகொண்டார். சோற்றில் ஆணத்தை ஊற்றிக்கொண்டிருந்த ஆபிதாதான் பதில் சொன்னார். "மணல்தானே பெரிய மச்சான். மனுசன அடிக்கலயே." கேட்டுக்கொண்டிருந்த, ஊரில் இருந்த தம்பி சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார். அண்ணன் சோற்றைப் பிசையத் தொடங்கினார்.

மறுநாள் ஆபிதாவும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கூடவே வந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னாங்க இது, இவ்ளோ பாடு? இதுல உங்களுக்கு இன்னா கெடைக்குது?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை.

பாய் கட்டையை ஊன்றிக்கொண்டு யோசித்தார். "தெரியல ஆபிதா. இத செய்யின்னு யாரும் எங்கிட்ட சொல்லல. நானா ஆசப்பட்டேன். அவ்ளோதான்."

ஆபிதா முந்தானையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு புன்னைக்காய் பொறுக்கப் போனார்.

மார்கழி பிறந்த பிறகு ஒருநாள் விடியலில், நிஜப் பந்து ஒன்றை வைத்து அடித்தபோது பாய்க்குக் கையில் சத்தமே வேறு மாதிரி கேட்டது. வலது உள்ளங்கை தானாகக் கவிழ்ந்தது. பந்து படகை நோக்கிக் கிளம்பி, அதன் தலைக்கு மேல் போய், மெல்ல இடது பக்கம் சாய்ந்து, அவர் மனத்தில் நினைத்திருந்த இடத்தில் வந்து விழுந்தது. அவர் நின்ற இடத்திலேயே மணலில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் எழுந்து அடித்ததில் சில திரும்பின, சில திரும்பவில்லை. திரும்பாதவை எல்லாம் அவர் படகைப் பார்த்துப் பயந்து இழுத்தவை என்று அவருக்கே தெரிந்தது. குறி வைத்த இடத்தை நம்பினால் திரும்பும். சந்தேகப்பட்டால் திரும்பாது. இதைக் கண்டுபிடித்தது பெரிய ஆறுதல் என்று சொல்ல முடியாது. கவிழ்ந்த படகை நம்புவது ஒன்று, அரசப்பனுடைய வயலை நம்புவது வேறு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புது மானேஜர், விக்டோரியா, பாய் மூவரும் ஆடினார்கள். மூன்றாவது குழிக்கு வந்தபோது அரசப்பன் வரப்பில் தகர டப்பாவைத் தட்டிக் குருவி விரட்டிக்கொண்டிருந்தார். பயிர் பால் பிடித்துத் தலை சாய்க்கத் தொடங்கியிருந்தது.

"சின்னக் கட்டையா எடுத்துத் தட்டி விடுங்க பாய். எதுக்கு வம்பு?" என்றார் மானேஜர். வம்பு வந்தால் அவருக்கு லாபம்தான். ஆனாலும் வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தார். அவரும் விக்டோரியாவும் அடித்த பந்துகள் ஒழுங்காக நடுவில் போய் விழுந்தன.

பாய் டிரைவரை எடுத்தார். கட்டையை நீட்டிக் குறி பார்க்கவில்லை. கண்ணால் மட்டும் பனையைப் பார்த்து, காலையும் தோளையும் அதன் பக்கம் திருப்பி நின்றார். டப்பா சத்தம் நின்றது. அரசப்பன் வரப்போடு வேகமாக நடந்து வந்தார்.

"பாய், குறி எங்க வெச்சிக்கினு கீற?"

பொய் சொல்லியிருக்கலாம். கொடிக்குத்தான் என்று சொன்னால் முடிந்தது. "அந்தப் பனைக்குண்ணே" என்றார் பாய்.

"அது என் வயலுக்கு நடுவுல கீது."

"ஆமாண்ணே."

"பால் புடிச்ச பயிருக்குக் கட்டையால குறி வெக்கிற. நீ இந்தப் பக்கத்து ஆளுதானே? உனக்கு நான் சொல்லித் தரணுமா?" அரசப்பனின் குரல் உயரவில்லை. அதுதான் பாய்க்கு அதிகமாக வலித்தது.

"அண்ணே, நான் பயிர விட்டு வெலகி நின்ன போதெல்லாம் பந்து உள்ள வந்துச்சு. அதுக்கு நேரா குறி வெச்சாத்தான் வராம திரும்புது. எனக்கு இதுக்கு மேல வெளக்கத் தெரியல. வேணாம்னா சொல்லுங்க, இப்பவே கட்டைய உள்ள வெச்சிட்டுப் போயிடறேன்."

 அரசப்பன் பயிரைப் பார்த்தார், பாயின் பாதங்களைப் பார்த்தார், பனையைப் பார்த்தார். பிறகு தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினார்.

"பயிருக்குக் குறி வெக்கக் கூடாது. அது ஆவாது" என்றார். "நான் போயி பனையாண்ட நிக்கிறேன். எம்மேல குறி வையி."

பாய் கட்டையைத் தாழ்த்தினார். "அண்ணே, பந்து கல்லு மாதிரிண்ணே. மண்டையில பட்டுச்சுன்னா..."

"திரும்பும்னு சொன்னியே."

சொல்லிவிட்டு அரசப்பன் வரப்பில் நடந்தார். ஒற்றையடி அகல வரப்பு. இரண்டு பக்கமும் கதிர்கள் அவர் முழங்காலில் உரசின. பனைக்கு முன்னால் போய்த் திரும்பி நின்று, கைகளைக் கட்டிக்கொண்டார்.

பாய் பந்தின் முன் நின்றார். இத்தனை நாள் பயந்தது வயலுக்கு. இப்போது எதிரே பெண்டாட்டி பிள்ளை உள்ள ஒரு மனிதர் நிற்கிறார். தோள் தானாக இடது பக்கம், தண்டவாளத்துப் பக்கம் நகரப் பார்த்தது. அப்படி நகர்ந்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். இழுவை வரும்; பந்து அரசப்பன் மேலேயோ பயிரிலேயோ போய் விழும். அவரைக் காப்பாற்ற வேண்டும் என்றால் அவருக்கு நேராகத்தான் நிற்க வேண்டும். பாய் பிஸ்மில்லா சொன்னார். தோளை அரசப்பனுக்கு நேரே கொண்டுவந்தார். கண்ணை அவர்மேல் ஒரு தரம் வைத்துவிட்டு, பந்துக்குத் திருப்பி, வீசினார்.

பந்து பயிருக்கு மேலாக, நேராக அரசப்பனைப் பார்த்துப் போனது. மானேஜர் ஐயோ என்றார். அரசப்பன் நகரவில்லை. தலையை மட்டும் நிமிர்த்தி, பந்து வருவதையே பார்த்துக்கொண்டு நின்றார். பாதி வழியில் அது தயங்குகிற மாதிரி தெரிந்தது. பிறகு இடது பக்கம் சாய்ந்தது, இன்னும் சாய்ந்தது, வயலின் ஓர வரப்பைத் தாண்டிப் பொட்டலில் இறங்கி, கொடியை நோக்கி உருண்டு நின்றது. விக்டோரியா கட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைதட்டினார். பாய் கட்டையை ஊன்றிக்கொண்டார்.

அரசப்பன் வரப்போடு திரும்பி வந்தார். கிட்டத்தில் வந்ததும்தான் அவர் முகத்தில் கோபம் இல்லை என்பது தெரிந்தது. சொல்லப்போனால், அந்த முகத்தில் இருந்த வயதையே காணவில்லை.

"எங்கிட்டதான் வந்துச்சு" என்றார். "வந்துட்டுத் திரும்பிப் போயிடுச்சு. எப்டி பாய்?"

"அப்டித்தாண்ணே அது."

"இன்னொரு வாட்டி அடி." பயிருக்குக் குறி வைக்கக் கூடாது என்றவருக்கே அது மறந்துபோயிருந்தது.

மானேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. பாய் இன்னொரு பந்தை வைத்து அடித்தார். திரும்பியது. அரசப்பன் வாயில் துண்டை வைத்துக்கொண்டு சிரித்தார். "இன்னொண்ணு" என்றார்.

அந்த இன்னொன்றில்தான் பாய் கெடுத்தார். சந்தோஷத்தில் அவசரப்பட்டு, பழைய நார்க்கட்டு இழுவை கைக்கு வந்துவிட்டது. பந்து வலது பக்கம் வெட்டிக்கொண்டு போய், பயிர் நடுவில் பொத்தென்று விழுந்தது. கதிர்கள் ஒரு தரம் அசைந்து நின்றன. கொடுத்த வாக்கு போயிற்று, தை மாதம் போயிற்று, மைதானமும் போயிற்று. பாய் வரப்புக்குப் போனார். யாரையும் பார்க்காமல் உட்கார்ந்து, பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

"நீ இரு" என்றார் அரசப்பன்.

வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அவரே இறங்கினார். பெண்டாட்டியைக்கூட விடாத பயிருக்குள், இரண்டு கையாலும் தாளை விலக்கி, ஒரு தாளும் சாயாமல் காலை வைத்து வைத்துப் போனார். குனிந்து சேற்றில் துழாவினார். அதே வழியாகத் திரும்பி வந்து, பந்தில் ஒட்டியிருந்த சேற்றைத் தன் தலைத்துண்டால் துடைத்து, பாயின் உள்ளங்கையில் வைத்தார்.

"இது இழுத்துட்ட. எனக்கே தெரிஞ்சிடுச்சு" என்றார். "தை மாசம் மானேஜர ஊட்டாண்ட வரச் சொல்லு. இப்ப இத திரும்பி வர மாதிரி அடி. நான் போயி நிக்கிறேன்."

பாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. செய்யாதே என்று சொன்னவர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார்; அவருக்குப் பிடித்ததை இன்னொரு தரம் செய் என்று கேட்ட ஆளை நாற்பத்து மூன்று வயதில் முதல் தடவையாகப் பார்க்கிறார். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அரசப்பன் அதற்குள் வரப்பில் பாதி தூரம் போயிருந்தார். அவர் பனையடியில் திரும்பி நின்று கைகளைக் கட்டும் வரைக்கும் பொறுத்திருந்து, பாய் தோளை அவருக்கு நேராகத் திருப்பினார்.